கல் வைத்த இடம்: ஓர் இருளர் பதியின் வன உரிமைக் கோரிக்கை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டு எல்லைக்குள், காப்புக்காட்டுக்கு உள்ளேயே இருக்கும் ஓர் இருளர் பதியில் (பழங்குடிக் குடியிருப்பில்) 2016 முதல் 2023 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மனு எழுதிக்கொடுக்கவும் அலுவலகங்களுக்குக் கூடப் போகவும் என்று போனவன் நான். பதியின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது. அவர்கள் கேட்டுக்கொண்டது அது. இதே வேலையை வேறு மலையில் செய்யப்போகிறவர்கள் நாங்கள் இடறிய இடத்திலேயே இடறாமல் இருந்தால் சரி.

பின்னணி

பதியில் 43 குடும்பங்கள். தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு இனங்களில் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) இருளரும் ஒருவர். ஊர்க் காரியத்துக்கு மூப்பர், கணக்குக்கு வண்டாரி, சேதி சொல்லி ஆள் கூட்டக் குருதலை, விதைப்புக்கு மண்ணுக்காரர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும். மண்ணுக்காரர் முதல் பிடி விதையைப் போடாமல் யாரும் காட்டில் விதைப்பதில்லை.

விதைத்தது கொத்துக்காடு. ராகி, சாமை, அவரை, துவரை, கீரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து நிற்கும். இரண்டு மூன்று வருடம் ஒரு துண்டு, அப்புறம் அதை ஆறப்போட்டுவிட்டு அடுத்தது. ஆறப்போட்ட காடு ஐந்தாறு வருடத்தில் மரம் செடியாக மூடிக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் இந்த மலை காப்புக்காடானது. அதை யாரும் வந்து பதியில் சொன்னதாக நினைவு இல்லை. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டு நிலத்துக்குப் பட்டா என்ற பேச்சே நின்றது. 2006-இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறி, 2008 ஜனவரியில் அதன் விதிகள் வந்தன. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் குடியிருக்கும் பழங்குடியினருக்கு வீட்டுக்கும் விவசாயத்துக்குமாக 4 ஹெக்டேர் வரை தனி உரிமை, ஊருக்குப் பொதுவான சமூக உரிமை, அதற்கும் மேலாகக் காட்டையே காத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை என்று மூன்று அடுக்காக அது பேசுகிறது. தமிழ்நாட்டில் மட்டும், 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. 2016 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. நாங்கள் மலை ஏறியது அதற்கப்புறம்தான்.

பார்த்தவை

போன முதல் வாரத்திலேயே ஒரு சாவு. பதிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே, யானை ஊருக்குள் வராமல் இருக்க வனத்துறை வெட்டிய அகழி ஓடுகிறது. பழைய தடம் அதில் அறுந்துபோயிருந்தது. மூங்கில் பாடையோடு கரை வரை வந்தார்கள். நான்கு பேர் உள்ளே இறங்கினார்கள், முழங்கால் அளவு மழைத்தண்ணீர். மேலிருந்து கயிற்றில் இறக்கிய பாடையைத் தோளில் வாங்கி, எதிர்க்கரையில் நின்றவர்கள் கைக்கு ஏற்றிவிட்டார்கள். அரைமணி நேரம் ஆனது. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. நான் வாய் திறந்தபோது பக்கத்தில் நின்றவர், "அஞ்சு வருசமா இப்பிடித்தானுங்க" என்றார்.

சில வாரம் கழித்து ஓடையிலிருந்து கைக்குள் அடங்கும் உருண்டைக் கல் ஒன்றைத் தேடி எடுத்து, எண்ணெய் தடவி, தாழ்வான கற்குடில் ஒன்றுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே அதைப்போல வரிசையாகக் கற்கள், ஆளுக்கு ஒன்று. கல்வீடு என்று நான் எழுதுகிறேன். அவர்கள் சொல்லும் பெயர் வேறு, அதை வெளியே எழுத வேண்டாம் என்றார்கள்.

மலைமேல் உள்ள சாமி இடத்தில் வருடம் ஒருமுறை மூன்று நாள் நோன்பு. இரவெல்லாம் குழலும் பறையும் ஒலிக்க ஆடுவார்கள். புலிகள் காப்பக அறிவிப்புக்குப் பிறகு சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், மாலை 5 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மூன்று நாள் நோன்பு ஒரு பகலாகச் சுருங்கியது. "பகல்ல ஆடுனா கூத்துக் காட்டுற மாதிரி இருக்குதுங்க" என்றார் மூப்பர். ஆட்டத்தை யாரும் தடை செய்யவில்லை, நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இரவுப் பாட்டு தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள்.

இன்னொன்றும் பார்த்தோம், அதன் கனம் அன்றைக்குப் புரியவில்லை. பதியில் ஏழு இளைஞர்கள் வனத்துறையில் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர்கள். மாதச் சம்பளம் வரும் வீடுகள் அந்த ஏழு மட்டும்தான். மண்ணுக்காரரின் மகனும் அதில் ஒருவர்.

முதல் முயற்சி: 2016 – 2018

கூட்டம் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டோம். எல்லா வாயிலும் ஒரே சொல்: பட்டா. சரி, மக்கள் கேட்பதைத்தானே செய்ய வேண்டும் என்று தனிநபர் கோரிக்கையான படிவம் 'அ' மட்டும் நிரப்ப ஆரம்பித்தோம். சமூக உரிமைக்கான 'ஆ', சமூக வன வளத்துக்கான 'இ' இரண்டையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது என் யோசனை. சின்னதில் ஜெயித்துவிட்டுப் பெரியதுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

கிராம சபையிலும் ஒரு கோளாறு. 2016-இல் ஊராட்சியில் நடந்த கிராம சபையிலேயே, மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊராட்சி என்றால் அடிவாரத்து ஊர்கள் எல்லாம் சேர்த்து. குழுவில் 12 பேர், பதியிலிருந்து மூன்று பேர். குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர் இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதை அன்றைக்கு யாரும் எடுத்துப் பேசவில்லை, நான் உட்பட. ஆளைச் சேர்த்ததே பெரிசு என்று இருந்துவிட்டோம்.

38 குடும்பங்கள் மனுக் கொடுத்தன. மீதி ஐந்தில் நான்கு காவலர் வேலையில் இருப்பவர்களின் வீடு. கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அப்படி ஒருவரும் மிரட்டவில்லை, ஆனால் மிரட்டினால்தான் பயம் வருமா?

2018 டிசம்பரில் வருவாய்க் கோட்ட அளவிலான குழுவின் முடிவு வந்தது. 9 ஏற்பு, 29 தள்ளுபடி. தள்ளுபடிக் கடிதம் எல்லாவற்றிலும் ஒரே வரி: போதிய ஆதாரம் இல்லை.

நேரில் போய்க் கேட்டதில் மூன்று காரணம் தெரிந்தது. ஒன்று, 75 வருட ஆதாரம் எங்கே என்றார்கள். அது பிற மரபுவழி வனவாசிகளுக்கான நிபந்தனை, பழங்குடியினருக்குக் கிடையாது. இரண்டு, செயற்கைக்கோள் படத்தில் 2005-இல் அந்த இடம் மரக்காடாகத் தெரிகிறதாம். தெரியாமல் என்ன செய்யும்? அது ஆறப்போட்ட கொத்துக்காடு. படத்தைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், மற்ற சான்றுகளுக்கு மாற்றாக வைக்கக்கூடாது என்று 2012-இல் திருத்திய விதியிலேயே இருக்கிறது. மூன்று, ஏழு குடும்பங்களுக்கு இனச்சான்று இல்லை. பழங்குடி இனச்சான்று கொடுக்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். கோட்டக் குழுவின் தலைவரும் அவரேதான். ஒரே மேசையில் இரண்டு கோப்பு, ஒன்று முடங்கியதால் இன்னொன்றும் முடங்கியது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. பதியின் பாதி வீடுகள் 1987-இல் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். வருடம் பொறித்த கல் சுவரில் பதித்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. நாங்களும் அந்தக் கல்லைப் படம் எடுத்து மனுவோடு வைத்திருக்கவில்லை. கண்ணெதிரே இருப்பதை யார் சான்றாக நினைக்கிறார்கள்?

2019 பிப்ரவரி

முடிவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஜனவரியிலேயே கொடுத்துவிட்டோம். பிப்ரவரி 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி ஓர் உத்தரவு போட்டது. டிவியில் அதைப் பார்த்தபின் பதியில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. பிப்ரவரி 28-ஆம் தேதி அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு குடும்பம் ஆடுகளை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்கு இறங்கிப் போய்விட்டது. இன்று வரை திரும்பவில்லை. உரிமை சரிபார்க்கும் வேலை முழுதாக முடியாமல் யாரையும் வெளியேற்ற முடியாது என்று சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது என்பதை அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் போயிருக்க மாட்டார்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

இளைஞர்கள் சாலை மறியல் செய்யலாம் என்றார்கள். மூப்பர் வேண்டாம் என்றார். "மறிச்சா ஒரு நாளு பேசுவாங்க. நமக்கு வேண்டியது எழுத்துல." வழக்கு விழுந்தால் முதலில் போவது காவலர் வேலை என்பதும் எல்லோர் மனதிலும் இருந்தது. மறியல் கைவிடப்பட்டது. அன்றைக்கு எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பின்னால் யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி.

இரண்டாவது முடிவு ஒரு கேள்வியிலிருந்து வந்தது. மேல்முறையீட்டுக்காகப் படிவத்தை மறுபடி படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு இத்தனை சென்ட், விவசாயம் இத்தனை ஏக்கர் என்று போய்க்கொண்டிருந்தபோது எழுபது வயசைத் தாண்டிய பாட்டி ஒருவர் கேட்டார்: "எங்க ஊட்டுக்காரரு படுத்திருக்கற எடத்தை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க, கண்ணு?"

படிவம் 'அ'-வில் அதற்குக் கட்டம் கிடையாது. தேன்பாறைக்கும் கிடையாது, சாமி இடத்துக்கும் கிடையாது, கிழங்கு தோண்டும் சரிவுக்கும் கிடையாது. பதியை 43 துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காகிதம் வாங்கிக் கொடுக்கத்தான் இரண்டு வருடம் ஓடியிருக்கிறோம். எல்லாத் துண்டும் கிடைத்திருந்தாலும் அகழிக்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவும் அவர்களுக்குச் சொந்தமாகி இருக்காது. அன்றைக்கு முடிவானது: சமூக உரிமையையும் சமூக வன வளத்தையும் முன்னால் வைப்பது, தனிப்பட்டா பின்னால் வரட்டும்.

மூன்றாவது, கிராம சபையைப் பதிக்கே கொண்டுவருவது. குடியிருப்பு அளவில் கிராம சபை கூட்ட வேண்டும் என்று மத்திய பழங்குடியினர் அமைச்சகம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டி எழுதினோம். நான்கு மாதம் இழுத்து, 2019 செப்டம்பரில் அனுமதி வந்தது. 118 பேரில் 91 பேர் கூடினார்கள், அதில் 50 பேர் பெண்கள். புதுக் குழுவில் 11 பேர், எல்லோருமே பதிக்காரர்கள். மனுவை யார் வாங்கினாலும் ஒப்புகை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று குழு போட்ட முதல் தீர்மானம் பின்னால் பெரிதாகக் கைகொடுத்தது.

வரைபடமும் கற்களும்

மூன்று வாரம் நடந்தோம். ஆண்களோடு போனால் தேன்பாறை, மீன் பிடிக்கும் மடு, சீமாறுப் புல் அறுக்கும் மேடு, கடுக்காய் நெல்லிக்காய் மரங்கள். பெண்களோடு போனபோது அதே காடு வேறு காடாக இருந்தது: நூரைக் கிழங்கு இருக்கும் சரிவு, கோடையிலும் வற்றாத ஊற்று, பிரசவம் ஆனவளுக்குப் பறிக்கும் கீரை. ஆண்கள் வரைந்த எல்லைக்கு வெளியே இரண்டு ஊற்றுகள் நின்றன. எல்லையைத் திருத்தினோம்.

உண்ணிச்செடி மூடிய இடங்களில் பழைய தடம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முன்பெல்லாம் கோடை தொடக்கத்தில் தரையோடு லேசாகத் தீ வைப்பார்களாம், அது நின்றபிறகுதான் இந்தச் செடி இப்படிப் பரவியது என்று மண்ணுக்காரர் சொன்னார். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டோம்.

கல்வீட்டுக்கு அந்தப் பாட்டிதான் கூட்டிப்போனார். உள்ளே குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பெயர் சொன்னார். இது மாமனார், இது மாமனாருக்கு அப்பன், இது பிறந்து ஒன்பதாம் நாள் போன என் பையன். 64 கற்களில் 51-க்குப் பெயர் சொல்லிவிட்டு, "மிச்சம் எனக்கு முந்தி" என்றார். புதைகுழிகளும் புனித இடங்களும் சான்று என்று விதி 13 சொல்கிறது, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றுதான். பாட்டியின் குடும்ப மனுவுக்கு வேறொரு பெரியவர் வாக்குமூலம் கொடுத்தார், மற்றவர்களுக்குப் பாட்டி கொடுத்தார். தொகுப்பு வீட்டுக் கல், பழைய ரேஷன் அட்டைகள், தீத்தடுப்புக்கோடு வெட்டியதற்கு வனத்துறையே கொடுத்த கூலிச் சீட்டுகள் என்று மற்றதும் சேர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவே இல்லை. இரண்டு இடங்களை வரைபடத்தில் குறிக்கக் கூடாது என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். குறிக்காவிட்டால் சான்று குறையும். குறித்தால், யாரும் அறியக்கூடாத இடம் அரசுக் கோப்பில் போய் உட்காரும். இரண்டு இரவு பேசி, அவை உள்ளே விழுகிற மாதிரி எல்லையை மட்டும் வரைந்து பெயர் போடாமல் விட்டோம்.

விளைவு

2020-இல் கொரோனா, எல்லாம் நின்றது. 2021 கடைசியில் வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து கள ஆய்வு செய்தார்கள். ஒரு அதிகாரி கல்வீட்டுக்குள் செருப்போடு நுழையப்போக, கூட வந்த வனக்காப்பாளரே தடுத்துக் கழற்றச் சொன்னார். சின்ன விஷயம்தான், ஆனால் பதியில் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

2022 ஆகஸ்டில் உரிமைப் பத்திரங்கள் வந்தன. தனிநபர் உரிமை 34 குடும்பங்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும். பரப்பு குறைந்தது: சராசரியாக 3 ஏக்கர் கேட்ட இடத்தில் ஒன்று, ஒன்றரை. ஆறப்போட்ட துண்டுகளைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டார்கள். சமூக உரிமையில் தேன், புல், கிழங்கு, மீன், சுடுகாடு, சாமி இடத்துக்கான தடம் எல்லாம் வந்தன. சமூக வன வள உரிமையான படிவம் 'இ' மட்டும் நான் எழுதும் இன்று வரை நிலுவையில்தான் இருக்கிறது.

பத்திரத்தைக் காட்டிக் கேட்டபின், அகழியின் ஒரு இடத்தை எட்டடி அகலத்துக்கு மூடி, இரும்புக் கேட் போட்டார்கள். சாவி ஒன்று மூப்பரிடம், ஒன்று சாவடியில். நோன்புக்கு ஓர் இரவு தங்க 2023-இல் அனுமதி கிடைத்தது. மூன்று இரவு இல்லை. பாட்டுத் தெரிந்த மூவரில் அதற்குள் ஒருவர் போய்விட்டார்.

ராகி திரும்பி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆறு குடும்பங்கள் மட்டும் விதைத்தன. காட்டுப்பன்றியும் யானையும் ஒரு பக்கம், அடிவாரத்துக் கூலி ஒரு பக்கம். மண்ணுக்காரர் அந்த ஆறு காட்டுக்கும் நடந்துபோய் முதல் பிடி போட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மூன்று படிவத்தையும் ஒரே நாளில் தொடங்குவேன். மக்கள் பட்டா என்று கேட்டால், அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று அவர்களோடு ஒரு வாரம் பேசிவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இருளர்போல நலிவுற்ற பழங்குடிகளுக்குச் சட்டத்தின் 3(1)(e) பிரிவில் வாழிட உரிமை (மரபாக வாழ்ந்துவரும் நிலப்பரப்பின் மீதான உரிமை) என்று தனியாக ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் பைகா மக்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள். பல பதிகள் சேர்ந்து கேட்க வேண்டியது அது. எங்களுக்கு அது கண்ணில் பட்டதே 2021-இல்.

இனச்சான்று வேலையை மனுவுக்கு முன்பே முடிப்பேன். ஏழு குடும்பங்களில் நான்குக்குத்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.

காவலர் வேலையில் இருப்பவர்களின் வீட்டுக்கு முதல் நாளே தனியாகப் போவேன். கடைசியில் எல்லைத் தடங்களைக் கள ஆய்வில் அதிகாரிகளுக்கு அடையாளம் காட்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் ரோந்து போகும் தடமும் தாத்தாக்கள் போன தடமும் ஒன்று. அதை அவர்கள் வாயால் சொல்லவைக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆனது.

கல்வீட்டைப் பற்றி இன்னும் எனக்குத் தெளிவில்லை. சான்றாக்கினோம், பலித்தது. ஆனால் கோப்பில் போன படங்கள் எப்படியோ வெளியே வந்து, இப்போது மாதத்துக்கு ஒரு கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருகிறது. அடுத்த முறை கற்களின் எண்ணிக்கையையும் பெயர்ப் பட்டியலையும் வாக்குமூலமாக மட்டும் கொடுப்பேன், படம் எடுக்க விடமாட்டேன். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "வர்றவிய வரட்டும், தொடாம இருந்தாச் சரி" என்றார். அதன்பிறகு வண்டாரி வாசலில் குறுக்காக ஒரு மூங்கிலைக் கட்டியிருக்கிறார்.